வாசகர் கேள்வி பதில்: மழை பெய்தும் வறட்சியா?

கேள்வி: சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். நான் 14 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். அண்ணன் மூன்று ஏக்கரில் நெல் போடுகிறார். இந்த முறையும் வறட்சியில் விளைச்சல் போய்விட்டது என்கிறார். மாவட்டத்தில் வழக்கமான அளவு மழை பெய்ததாகச் செய்தியில் படித்தேன். அதைச் சொன்னால் சண்டை வருகிறது. புதிதாக ஆழ்துளைக் கிணறு போட நாலு லட்சம் ரூபாய் அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா ஐயா?
- வாசகர், செங்காங்

பதில்: முதலில் அண்ணனோடு சண்டையை நிறுத்துங்கள் தம்பி. அவர் சொல்வதும் உண்மை, செய்தியில் வந்ததும் உண்மை. செய்தியில் வருவது மொத்தமாக எவ்வளவு மழை விழுந்தது என்ற கணக்கு. அண்ணன் பார்ப்பது, வேர் ஓடும் அந்த ஒரு சாண் மண்ணில் பயிருக்கு வேண்டிய நேரத்தில் ஈரம் இருந்ததா என்று. விவசாய வறட்சி என்றால் அதுதான்.

உங்கள் பக்கம் பெரும்பாலும் புழுதியில் விதைத்துவிட்டு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையையும் கண்மாயையும் நம்பி இருப்பார்கள். ஒரு மாதத்தில் பரவலாகப் பெய்ய வேண்டியது நாலே நாளில் கொட்டினால் மண் குடிப்பதற்குள் ஓடிவிடும், அதற்கப்புறம் இருபது நாள் வெயில் காய்ந்து, அதுவும் கதிர் வெளியே வராமல் பொதியில் இருக்கும்போதோ பூக்கும்போதோ என்றால், போச்சு. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, பயிர் நன்றாக நிற்பது போலத்தான் இருக்கும். கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினால் பாதி பறந்துவிடும், அத்தனையும் பதர். என் அப்பா அப்படி ஊதிப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் வரப்பில் உட்கார்ந்ததை சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். உங்கள் அண்ணனின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது.

பருவநிலை மாற்றம் இதை இன்னும் மோசமாக்குகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைப் பிடித்து வைக்கும். அதனால்தான் பெய்தால் கொட்டித் தீர்க்கிறது, காய்ந்தால் மண்ணின் ஈரத்தைக் காற்று வேகமாக உறிஞ்சிவிடுகிறது. 2016ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார்கள். அது ஊருக்கே தெரிந்த வறட்சி. உங்கள் அண்ணனுடையது புள்ளிவிவரத்தில் ஏறாத வறட்சி, அவர் சொன்னால் நீங்களே நம்பவில்லை பாருங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். நாலு லட்சத்தை அப்படியே அனுப்பாதீர்கள். பாறை நிலமாக இருந்தால் தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் கிடக்கும், ஆழமாகப் போனால் கூடுதலாகக் கிடைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. கிடைத்தாலும் பக்கத்து வயல்காரர் அடுத்த வருஷம் இன்னும் நூறடி இறக்குவார். அதைவிட வயலின் தாழ்வான மூலையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டச் சொல்லுங்கள், வேளாண் பொறியியல் துறையில் மானியம் இருக்கிறதா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். கொட்டுகிற மழையைப் பிடித்து வைத்தால் பொதிப் பருவத்தில் ஒரு தண்ணீர் விடலாம், அந்த ஒரு தண்ணீரில் விளைச்சல் தப்பிக்க வாய்ப்புண்டு. ரகத்தையும் மாற்றிப் பார்க்கலாம். பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009ல் வந்த அண்ணா ஆர்-4 என்ற நெல் ரகம், மழையை மட்டும் நம்பிய மானாவாரிக்கென்றே உருவாக்கியது, நூறு நாளையொட்டி அறுவடைக்கு வந்துவிடும். அப்புறம் பயிர்க் காப்பீடு. சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடுதான் விவசாயி கட்ட வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம், எந்த வயலில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் வாங்கி, கடைசித் தேதிவரை காத்திருக்காமல் பதியச் சொல்லுங்கள். அந்தப் பணத்தை வருஷா வருஷம் நீங்களே கட்டிவிடுங்கள்.

கேள்வி: 2023ல் இந்தியா அரிசியை நிறுத்தியபோது தேக்காவில் மூட்டைக்கு அலைந்தோம். மறுபடியும் அப்படி வருமா?
- வாசகி, தோ பாயோ

பதில்: வரலாம் அம்மா. அந்த ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை போட்டார்கள், அடுத்து வந்த ஆகஸ்ட் 1901க்குப் பிறகு இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். சிங்கப்பூருக்கு விதிவிலக்காக 50,000 டன் அனுமதித்தார்கள், 2024 செப்டம்பரில்தான் தடையே நீங்கியது. இங்கே இறக்குமதியாளர்கள் இரண்டு மாத அளவு அரிசியைக் கட்டாயம் இருப்பு வைக்க வேண்டும், அதனால் பதறி வாங்கிக் குவிக்க வேண்டாம், வண்டுதான் வரும். வாரத்தில் இரண்டு நாள் தாய்லாந்து அரிசிக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தினமும் தண்ணீர் ஊற்றியும் வீவக அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்த கறிவேப்பிலை பிப்ரவரியில் வாடுகிறது.
- வாசகி, ஈசூன்

பதில்: விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மேலே நனைந்து உள்ளே காய்ந்திருந்தால், தினமும் ஒரு குவளை ஊற்றுவதை விட்டுவிட்டு, தொட்டியின் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். மறுபடி விரலுக்குக் காய்ந்தது போலத் தெரிந்தால் மட்டும் அடுத்த தண்ணீர். மண்மேல் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ போட்டு மூடிவிடுங்கள்.