டேப்லெட்டுக்குள் ஒரு நூலகம்: வாசகர் கேள்விகள்

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற கிளை நூலகர், கோத்தகிரி

*ஐயா, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. மகன் வாங்கிக் கொடுத்த 64 ஜி.பி. ஆண்ட்ராய்டு டேப்லெட் மட்டும்தான். மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்று பல வருடமாக இறக்கி வைத்த மின்னூல்கள் மூவாயிரத்துக்கு மேல் கூகுள் டிரைவில் கிடக்கின்றன. வேண்டும்போது ஒன்றும் கைக்கு வருவதில்லை. எந்தச் செயலியைப் போட்டால் இவை ஒழுங்காகும்?*
– வாசகி, கட்டபெட்டு

அம்மா, செயலியைக் கடைசியில் பார்ப்போம். முதலில் கோப்புகளின் பெயரைச் சரிசெய்யுங்கள். செயலிக்குள் நாம் போடும் தொகுப்பு, நட்சத்திரம், குறிச்சொல் எல்லாம் அந்தச் செயலியின் கணக்கில்தான் இருக்கும். செயலியை நீக்கினாலோ, டேப்லெட்டை மாற்றினாலோ பெரும்பாலும் அவை போய்விடும். கோப்பின் பெயரும் அது இருக்கும் ஃபோல்டரும் எங்கே போனாலும் கூடவே வரும். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் காலிபர் என்ற இலவச மென்பொருளில் மின்னூல்களை அடுக்குவார்கள். அது விண்டோஸ், மேக், லினக்ஸுக்கானது, டேப்லெட்டில் நிறுவ முடியாது. ஆகவே நமக்குக் கோப்பின் பெயர்தான் அட்டவணை.

ஆசிரியர் பெயர், ஒரு சிறு கோடு, நூலின் பெயர், கடைசியில் பதிப்பாண்டு. இந்த வரிசையை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் அப்புறம் மாற்றவே கூடாது. முதலெழுத்துகளை ஆசிரியர் பெயருக்குப் பின்னால் போடுங்கள், இல்லாவிட்டால் பாதி நூலகம் 'எஸ்.' என்பதன் கீழ் போய் நிற்கும். மின்னூலகத்திலிருந்து இறக்கியவை பல 'டி.வி.ஏ.' என்று தொடங்கி வெறும் எண்ணாக முடியும். அவற்றைத் திறந்து தலைப்புப் பக்கத்தைப் பார்த்துத்தான் பெயரிட வேண்டும், வேறு வழியில்லை.

தமிழில் பெயர் வைப்பதில் சில சிக்கல்கள் உண்டு. 'கௌதமன்' என்பதைப் பலர் 'கெளதமன்' என்று அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். முதலாவதில் ஔகாரக் குறி, இரண்டாவதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. உங்கள் நூல்கள் 'கிடைக்காமல்' போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், தேடும்போது இரண்டு விதமாகவும் அடித்துப் பாருங்கள். அடுத்தது நீளம். ஆண்ட்ராய்டில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் ஆகிறது. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. ஆக மொத்தம் 85 குறியீடுகள்தான். உரையாசிரியர், பதிப்பாசிரியர், அச்சகம் என்று எல்லாவற்றையும் பெயரில் திணித்தால் பதிவிறக்கம் நடுவழியில் தோற்றுப்போகும். அகர வரிசையும் சில செயலிகளில் நம் இலக்கண வரிசைப்படி வராது. ரகரத்தை அடுத்து றகரமும், ழகரத்துக்கு முன்னால் ளகரமும் வந்து நிற்கும், கருவிகள் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடில் எண் கொடுத்த முறை அப்படி. இது பழகிவிடும்.

ஃபோல்டர்களைக் குறைவாக வையுங்கள். சங்கம், பக்தி, நாவல், சிறுகதை, வரலாறு, மருத்துவம் என்று பத்துப் பன்னிரண்டு போதும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஐந்து அடுக்கு போட்டால் டேப்லெட்டில் விரலால் தட்டித் தட்டியே அலுத்துப்போவீர்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. பணிக்காலம் முழுக்க நான் எந்த ரேக்கை மாற்றி அடுக்கினாலும் அந்த விதியை நினைத்துத்தான் அடுக்கினேன். உங்கள் நூலகத்துக்கு நீங்களே வாசகர், உங்கள் கை தானாக எங்கே போகிறதோ அங்கே புத்தகம் இருக்க வேண்டும்.

மூவாயிரத்தையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். டிரைவில் 'வரவு' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, இனி இறக்குவது எல்லாம் அதில் விழட்டும். பெயர் மாற்றாமல் அங்கிருந்து எதுவும் உள்ளே போகக்கூடாது. பழையவற்றில் இப்போது எதைப் படிக்கிறீர்களோ அந்தத் துறையை முதலில் எடுங்கள். சாலிட் எக்ஸ்ப்ளோரர் போன்ற கோப்பு மேலாளர் செயலியில் டிரைவையும் இணைத்துக்கொள்ளலாம், வேலை விரைவாக நடக்கும். கூடவே கூகுள் ஷீட்ஸில் ஒரு நூல் பதிவேடு தொடங்குங்கள்: ஆசிரியர், நூல், ஃபோல்டர், எங்கிருந்து எடுத்தது, படித்த தேதி. எங்கள் கிளை நூலகத்தில் புதுப் புத்தகம் பதிவேட்டில் ஏறாமல் ரேக்குக்குப் போனதே இல்லை. அந்தப் பழக்கத்தை நீங்களும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

படிப்பதற்கு ரீட்எரா நல்லது. டேப்லெட்டில் உள்ள நூல்களைத் தானே கண்டுபிடித்துக் காட்டும், இணையம் தேவையில்லை. மூன் பிளஸ் ரீடரும் நல்லது. இரண்டில் எதுவானாலும் சரி.

*டிரைவில் 'ஆஃப்லைன்' என்று குறித்து வைத்த புத்தகங்கள் ரீட்எராவில் தெரியவில்லை. எங்கள் ஊரில் காற்று மழை வந்தால் கரண்டும் இருக்காது, டவரும் இருக்காது. அந்த நாட்களுக்காகத்தான் குறித்து வைத்தேன்.*
– தேயிலைத் தொழிற்சாலைப் பணியாளர், மஞ்சூர்

தம்பி, ஆஃப்லைன் என்று குறித்தால் டிரைவ் செயலி அந்தக் கோப்பைத் தன் சொந்த இடத்தில் வைத்துக்கொள்ளும். டிரைவைத் திறந்தால் படிக்கலாம், மற்றச் செயலிகளுக்கு அந்த இடம் தெரியாது. நீங்கள் 'பதிவிறக்கு' என்பதைத் தட்ட வேண்டும். அப்போதுதான் கோப்பு டவுன்லோட் ஃபோல்டருக்கு வரும். அங்கிருந்து 'படிக்க' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் மாற்றுங்கள். புதிய ஆண்ட்ராய்டில் ரீட்எரா எல்லாக் கோப்புகளையும் பார்க்க அனுமதி கேட்கும், அதையும் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

மே மாதம் முடிவதற்குள் மழைக்காலத்துக்கான நூல்களை இறக்கி வைத்துவிடுங்கள். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அந்த மாதிரி வாரத்தில் டிரைவ் போன்ற இணையத்து மேகச் சேமிப்பை நம்பி உட்கார முடியாது.

*என் தாத்தா, இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கண்டிப் பக்கமிருந்து வந்து, தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் தரும் 'நூலகம்' தளத்திலிருந்து மலையக இதழ்களை, நூல்களைச் சேர்த்து வருகிறேன். எல்லாம் ஸ்கேன் செய்த பி.டி.எஃப். டிரைவ் நிறைந்துவிட்டது. உள்ளே ஒரு சொல்லைத் தேடவும் முடியவில்லை.*
– கல்லூரி மாணவி, பந்தலூர்

மகளே, உங்கள் கடிதத்தைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். 1964 ஒப்பந்தத்தில் வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இந்த இதழ்களைத் தேடிப் படிப்பது பெரிய காரியம்.

முதலில் இடக் கணக்கு. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி. டிரைவுக்கு மட்டுமானதில்லை, ஜிமெயிலும் கூகுள் ஃபோட்டோஸும் அதில்தான் பங்கு போடுகின்றன. ஸ்கேன் பி.டி.எஃப். என்பது பக்கம் பக்கமாகப் படம். ஒன்று 50 எம்.பி. என்று வைத்தால் 300 நூலில் 15 ஜி.பி.யும் தீர்ந்தது. எழுத்தாகவே இருக்கும் ஈபப் கோப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு எம்.பி.க்குள் அடங்கிவிடும். அதனால் ஒரே நூல் இரண்டு வடிவிலும் கிடைத்தால் ஈபப்பை எடுங்கள்.

உங்கள் இதழ்கள் ஸ்கேனாக மட்டுமே கிடைக்கும், அவற்றை அமுக்கிச் சிறிதாக்க வேண்டாம். பழைய அச்சில் மெல்லிய புள்ளிகள் மறைந்துபோகும், பிறகு அந்தப் பிரதியால் பயனில்லை. நூலகம் தளத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் 'நூலக எண்' என்று ஒன்று கொடுத்திருப்பார்கள். அதை உங்கள் பதிவேட்டில் குறித்துக்கொண்டால் கோப்பை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை, வேண்டும்போது எடுக்கலாம். அடிக்கடி புரட்டுவதை மட்டும் மெமரி கார்டில் வைத்திருங்கள்.

சொல் தேட வேண்டுமென்றால், தேவையான சில பக்கங்களை மட்டும் தனிக் கோப்பாக்கி டிரைவில் ஏற்றி, பிரவுசரில் டெஸ்க்டாப் வடிவத்தில் திறந்து, கூகுள் டாக்ஸில் திறக்கச் சொல்லுங்கள். படத்தை எழுத்தாக்கித் தரும், தமிழும் படிக்கும். ஆனால் மெய்ப்புப் பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள். துணைக்கால் ரகரமாக மாறும். பக்கத்தில் இரண்டு பத்தியாகப் பிரித்து அச்சிட்டிருந்தால் இரண்டின் வரிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தும்பிக்கை போட்ட ணை, லை, னை வரும் இடங்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஆய்வுக்கு மேற்கோள் எடுக்கும்போது மூலப் பக்கத்தைக் கண்ணால் பார்த்தே எடுங்கள்.

*சில பி.டி.எஃப்.களில் வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாக வருகிறதே?*
– வாசகர், குன்னூர்

அவை யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. படிக்கலாம், தேட முடியாது. அதே நூல் மதுரைத் திட்டத்தில் யூனிகோடில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பழையதை நீக்கிவிடலாம்.

*டேப்லெட்டில் இடமில்லை என்று நூறு புத்தகங்களை அழித்தேன். மேகத்திலும் காணவில்லை. திரும்பக் கிடைக்குமா?*
– ஓட்டுநர், அரவேணு

உடனே டிரைவின் குப்பைத்தொட்டியைத் திறங்கள். அழித்தவை அங்கே 30 நாள் இருக்கும், அதற்குப் பிறகு தானாகவே போய்விடும். டேப்லெட்டையும் டிரைவையும் ஒன்றுபோல வைக்கும் ஒத்திசைவுச் செயலியை நீங்கள் இருவழியில் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இருவழி என்றால் இங்கே அழித்தது அங்கேயும் அழியும். புத்தகங்களைப் பொறுத்தவரை அது ஆபத்தான அமைப்பு. மேகத்திலிருந்து டேப்லெட்டுக்கு ஒருவழி போதும். இதோடு, எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி பென்டிரைவிலோ மெமரி கார்டிலோ தனியாக இருக்கட்டும். ஓ.டி.ஜி. இணைப்பான் இருந்தால் டேப்லெட்டிலேயே பென்டிரைவைச் செருகலாம். கணக்கு முடங்கினாலோ கடவுச்சொல் மறந்தாலோ அந்தப் பிரதிதான் உங்கள் கையில் மிஞ்சும்.

*வாட்ஸ்அப் குழுவில் புது நாவல்களின் பி.டி.எஃப். வருகிறது. அதையும் சேர்க்கலாமா?*
– வாசகி, கூடலூர்

வேண்டாம். நம் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. தமிழில் எழுதிப் பிழைப்பவர்கள் எத்தனை சிரமப்படுகிறார்கள் என்பதை நூலகத்துக்கு வந்த எழுத்தாளர்களிடமே கேட்டிருக்கிறேன். நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களும் இலவசமாகப் பகிர எழுத்தாளரே அனுமதிக்கும் படைப்பாக்கப் பொது உரிமத்தில் (கிரியேட்டிவ் காமன்ஸ்) வந்தவையும் ஒரு ஆயுளுக்குப் போதும். புது நாவலை விலை கொடுத்து வாங்குங்கள், அல்லது நூலகத்தில் எடுங்கள்.

*எனக்கு 78 வயது. எனக்குப் பிறகு இந்த மின்னூல்கள் பேத்திக்குப் போக என்ன செய்ய வேண்டும்?*
– வாசகர், கீழ்க்கோத்தகிரி

கூகுள் கணக்கின் அமைப்புகளில் செயல்படாத கணக்கு மேலாளர் என்று ஒரு வசதி உண்டு. அதில் பேத்தியின் மின்னஞ்சலைக் கொடுத்து, எத்தனை மாதம் நீங்கள் கணக்கைத் தொடாவிட்டால் அவருக்குத் தகவல் போக வேண்டும் என்று குறித்து, டிரைவைப் பகிரச் சம்மதம் கொடுத்துவிடுங்கள். இரண்டு ஆண்டு யாரும் தொடாத கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கே செய்யக்கூடியது இன்னொன்றும் இருக்கிறது: நூல்கள் இருக்கும் ஃபோல்டரை அவரோடு பகிருங்கள். அவரும் தன் டேப்லெட்டில் ஒரு பிரதி இறக்கி வைத்துக்கொள்ளட்டும்.