பாம் பேசியதையும் எழுதிய துறவி

கேள்வி: ரஷ்யத் துறவி எபிஃபானியைப் பெரிய எழுத்தாளர் என்று சென்ற இதழில் புகழ்ந்திருந்தீர்கள். புனிதர் சரித்திரம் என்றாலே அற்புதமும் துதியும்தானே? ஒரு மடத்துக்காரர் இன்னொரு மடத்துக்காரரைப் பாராட்டியதில் வரலாறு எங்கே இருக்கிறது?

பதில்: அவர் எழுதியதில் பத்துப் பக்கமாவது படித்திருந்தால் இப்படி மொத்தமாகத் தள்ளியிருக்க மாட்டீர்கள். துதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஒரே கருத்துக்கு அடைமொழிகளை அடுக்கிக்கொண்டே போவார். அந்த நடைக்குச் 'சொற்பின்னல்' என்றே பேர். அலுப்புத் தட்டும் பக்கங்களும் உண்டு.

ஆனால் அவர் வேலை செய்த விதத்தைப் பாருங்கள். ரஷ்யர்கள் பெரிதும் போற்றும் புனிதத் துறவி ராதனேஷ் செர்கி 1392-ல் இறந்தார். ஓரிரு வருஷத்திலேயே எபிஃபானி அவர் வாழ்க்கையைப் பற்றிக் குறிப்பெடுக்கத் தொடங்கிவிட்டார். சுருள்களிலும் ஏடுகளிலுமாக இருபது வருஷம் சேர்த்தார். செர்கியை நேரில் அறிந்த முதியவர்களைத் தேடிப்போய் விசாரித்தார். தன்னைவிடத் தகுதியானவர் யாராவது எழுதுவார் என்று காத்திருந்து, யாரும் எழுதாததால் 26 வருஷம் கழித்துத்தான் எழுத உட்கார்ந்தார். பின்னால் பகோமி என்ற செர்பியத் துறவி அதைத் திருத்தி, அற்புதங்களையும் சேர்த்தார். நீங்கள் குறைசொல்லும் பகுதிகள் அத்தனையையும் எபிஃபானியின் கணக்கிலேயே எழுதிவிடக் கூடாது.

அப்புறம், பெர்ம் ஸ்தெபானின் சரித்திரம். வடக்கே காட்டில் வாழ்ந்த கோமி மக்களிடம் கிறிஸ்தவத்தைக் கொண்டுபோனவர் இந்த ஸ்தெபான். அவர்கள் மொழிக்கென்று தனி எழுத்தையே உருவாக்கியவர். அவரை எதிர்த்து நிற்கிறார் பாம் என்ற பூசாரி. சாதாரணத் துதிபாடி என்றால் பாமை இரண்டு வரியில் மூடனாக்கி அனுப்பியிருப்பார். எபிஃபானியோ அவரைப் பேசவிடுகிறார். மாஸ்கோவிலிருந்து நமக்கு என்ன நல்லது வரும், சுமையும் கடும் வரியும் அடக்குமுறையும் அதிகாரிகளும் அங்கிருந்துதானே வந்தார்கள் என்று பாம் தன் மக்களிடம் கேட்கிறார். அணிலும் சேபிள் போன்ற மென்மயிர் விலங்குகளும் நம் தெய்வங்கள் தந்த வேட்டை, அந்தத் தோல்கள்தான் இளவரசர்களின் கஜானாவுக்கும் தாத்தாரியர்களுக்கும் கான்ஸ்டாண்டிநோப்பிளுக்கும் போகின்றன என்கிறார். இதை எழுதியவர் மாஸ்கோ திருச்சபையைச் சேர்ந்த துறவி!

பாம் இதே வார்த்தைகளில் பேசினாரா என்று கேட்பீர்கள். எபிஃபானி அங்கே உட்கார்ந்து குறித்துக்கொள்ளவில்லை, சரி. ஆனால் வரிக்கொடுமை பற்றிய அந்த ஆத்திரம் ஒரு துறவியின் காதுவரை எட்டியிருக்கிறது, அதை மூடிமறைக்க அவருக்கு மனம் வரவில்லை. வரலாறு எங்கே என்று கேட்டீர்களே, இங்கேதான்.

கடைசியில் பாம்தான் தோற்கிறார். இருவரும் நெருப்புக்குள்ளும், பனியில் வெட்டிய துளை வழியாக ஆற்றுக்குள்ளும் இறங்கிப் பார்ப்போம் என்று ஸ்தெபான் அழைக்க, பாம் பின்வாங்குகிறார். கூட்டம் பாமைக் கொல்லத் துடிக்கிறது. ஸ்தெபான் தடுத்து, ஊரைவிட்டு வெளியேற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறார்.

இன்னொன்றும் சொல்கிறேன். இளவயதில் எபிஃபானியும் ஸ்தெபானும் ரோஸ்தோவில் ஒரே மடத்தில் இருந்தவர்கள். 1396-ல் ஸ்தெபான் இறந்தபோது எபிஃபானி அருகில் இல்லை. சரித்திரத்தின் முடிவில் வரும் புலம்பலில், ஒரு சொல்லுக்காகவும் ஒரு வரிக்காகவும் உங்களோடு வாதாடித் தொல்லை கொடுத்தேனே என்று செத்துப்போன நண்பரிடம் சொல்லி அழுகிறார். அற்புதங்கள் உங்களுக்கு ஒத்துவராவிட்டால் தாண்டிப் போங்கள். பாமின் வாதத்தையும் இந்தப் புலம்பலையும் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள், அடுத்த இதழில் பேசுவோம்.