கருடாவும் உப்புத்தாளும்

அன்புள்ள ஐயா,

பெர்லினில் வேலை பார்க்கிறேன். இங்கே ஞாயிற்றுச் சந்தையில் முறிந்துபோன விமான மர விசிறி (புரொப்பல்லர்) ஒன்றின் பாதியை வாங்கினேன். நடுவில் அச்சில் மாட்டும் குடத்தை ஒட்டி ‘கருடா’ என்று ஒட்டியிருக்கிறது. அந்தக் காலத்திலேயே நம் ஆட்கள் இங்கே விமானத் தொழிலில் இருந்தார்களா? இப்படி விசிறி செய்தவர்களைப் பற்றி ஆராய எங்கிருந்து தொடங்குவது? இப்போதைக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறேன். அப்புறம் வார்னிஷ் அடிக்கலாம் என்று இருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள்.

கருடா என்பது பெர்லின் நொய்கோல்ன் பகுதியில் இருந்த ஜெர்மன் கம்பெனி. முதல் உலகப் போரில் பறந்த ஜெர்மானிய விமானங்களில் அவர்களுடைய விசிறிகள் சுற்றின. பெயர் மட்டும்தான் நம் பக்கத்தது. அதைப் பிடித்துக்கொண்டு புஷ்பக விமானம் வரை போய்விடாதீர்கள். பெயரைப் பார்த்துப் பூரித்துப்போகிறவன் கையில் இருக்கும் மரத்தைப் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் ஆற்றாமை.

போன வாரம் ஊரில் தாத்தாவின் தச்சுச் சாமான்களை ஒழித்தோம். அடியில் மரம் ஒட்டும் வஜ்ஜிரப் பசை காய்ச்சும் தகரக் குவளை கிடந்தது. உள்ளே கறுத்து இறுகிய பசை. நகத்தால் கீறி, ஒரு சொட்டு வெந்நீர் விட்டதும் அந்தப் பழைய தோல் நாற்றம் எழுந்து வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கால விசிறிப் பட்டறைகளிலும் பெரும்பாலும் இதே தோல் பசைதான். ஒற்றைப் பலகையை நம்பாதே, முறுக்கிக்கொள்ளும் என்பார் தாத்தா. விசிறிக்காரர்களும் நம்பவில்லை. பல பலகைகளை அடுக்கி ஒட்டி, ஒன்று வளைந்தால் மற்றது பிடித்துக்கொள்ளும்படி செய்தார்கள். உங்கள் முறிவைப் பக்கவாட்டில் பாருங்கள், அடுக்குக் கோடுகள் தெரியும்.

1903-இல் ரைட் சகோதரர்கள் கப்பல் விசிறிக் கணக்கை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். உதவுகிற மாதிரி எதுவும் கிடைக்கவில்லை. சுழலும் இறக்கைதான் விசிறி என்று தாங்களே கண்டுபிடித்தார்கள். அப்புறம் ஸ்ப்ரூஸ் மரப் பலகைகளை ஒட்டி, கைக்கோடாரியாலும், இரண்டு கையாலும் இழுத்துச் சீவும் கத்தியாலும் எட்டரை அடி விசிறியைச் செதுக்கினார்கள். எஞ்சின் தந்த சக்தியில் 75 விழுக்காட்டுக்கு மேல் அது உந்துவிசையாக மாறியது. கணக்கு தாளில் இருந்தது, சரி. மரத்தில் அது இறங்கியது கையால்தானே? 1909 ஜூலை 25-இல் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த ப்ளேரியோவைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். அவர் விமானத்தின் வால்நட் மர விசிறி லூசியன் ஷோவியேர் செய்தது. அவர் பெயரை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். குடத்தில்தான். எஞ்சினின் குதிரைசக்தி, விசிறியின் விட்டம், ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்ற அளவு, வரிசை எண் எல்லாம் அங்கேதான் மரத்தில் அடித்திருப்பார்கள். நீங்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அந்த இடத்தைத்தான்! நுனியில் பித்தளைத் தகடு இருந்தால் அதில் பொடித்துளைகள் இருக்கும். உள்ளே புகுந்த ஈரம் சுழற்சியில் வெளியே தெறிக்க வைத்தவை அவை. பூச்சி அரித்தது என்று நினைத்து மெழுகு வைத்து அடைத்துவிடாதீர்கள்.

கோபமாக எழுதிவிட்டேன். முறிந்த மரத்துண்டைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குத் தூக்கி வந்தீர்களே, அதற்காகவே உங்களைப் பிடித்துவிட்டது. குடத்தில் எண்கள் மிச்சம் இருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் படம் எடுங்கள். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலாலும் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். இரண்டையும் எனக்கு அனுப்புங்கள்.