மிளகுக் கோழிக்கு எந்த ஒயின்?

காரைக்குடி வீட்டில் மிளகுக் கோழியோடு கேபர்னே என்ற சிவப்பு ஒயின் குடித்து வாய் எரிந்ததாகவும், மலிவு பாட்டில்தான் காரணமோ என்றும் கேட்டிருந்தீர்கள். விலை காரணமில்லை. சிவப்பு ஒயினின் துவர்ப்பும் ஆல்கஹாலும் காரத்தைத் தூக்கிக் காட்டும். இரண்டு மடங்கு கொடுத்து வாங்கினாலும் அதே கதைதான்.

லேசான இனிப்பும் நல்ல புளிப்பும் உள்ள வெள்ளை ஒயின் வாங்குங்கள். அன்றாடத்துக்கு நாசிக் ஷெனின் பிளாங்க் போதும். நன்றாகக் குளிரவைத்து, பாட்டில் வியர்க்கும்போது ஊற்றுங்கள். கை தாராளமாக இருந்தால் ஜெர்மன் ரீஸ்லிங். லேபிளில் ஆல்கஹால் 8, 9 சதவீதம் என்றிருந்தால் பெரும்பாலும் இனிப்பு இருக்கும்.

மிச்ச கேபர்னேயைக் கொட்டிவிடாதீர்கள், மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் 3 நாள் தாங்கும். காரம் குறைத்த மட்டன் வறுவலுக்கு ஆகும். இனிப்பான கவுனி அரிசியோடு மட்டும் வேண்டாம், ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும்.