வன்னியில் காணிக்குப் பஞ்சமில்லையே, பிறகு எதற்குப் பொதுத் தோட்டம்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கொழும்பில் மாடிவீட்டில் இருக்கிறாராம். நகரத்தில் நிலமில்லாதவர்கள் சேர்ந்து ஒரு தோட்டம் போடுவது விளங்குகிறது, வன்னியில் ஆளுக்கொரு வளவு இருக்கும்போது பொதுத் தோட்டம் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறார். நான் இலங்கையின் வடக்கே, வன்னியில், கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழுள்ள ஒரு குடியேற்றக் கிராமத்தில் பிறந்தவள். எங்கள் ஊரில் சனசமூக நிலையத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு தோட்டம் இருக்கிறது, அரை ஏக்கருக்குச் சற்றுக் கூட வரும். அதனால் பதில் எழுதுகிறேன்.

காணி இருக்கிறது என்பது ஓரளவுக்கு உண்மை. ஆனால் இங்கே மரக்கறி செய்யக் காணி மட்டும் போதாது. கோடையிலும் ஊறுகிற கிணறு வேண்டும், மாடு புகாத வேலி வேண்டும். கட்டாக்காலி மாடு ஒரு பக்கம், குரங்கும் மயிலும் ஒரு பக்கம், இரவில் காட்டுப்பன்றி. பத்து வீட்டார் பத்து வேலி அடைத்துப் பத்து இடத்தில் காவல் இருப்பதைவிட, ஒரு நல்ல கிணற்றைச் சுற்றி ஒரே வேலியை அடைத்து முறை வைத்துக் காவல் இருப்பது எவ்வளவோ மேல். ஆகவே எங்கள் தோட்டத்தின் கதையைக் கிணற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம் இரணைமடு. 1950களில் அதன் கீழ் காடு வெட்டி, வயற்காணியும் மேட்டுக்காணியும் கொடுத்து, யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பங்களைக் குடியேற்றினார்கள். என் அம்மப்பாவும் அம்மம்மாவும் அப்படி வந்தவர்கள். வயலுக்கு வாய்க்கால் தண்ணீர், மேட்டுக்குக் கிணறு. எல்லா வளவிலும் கிணறு சரிவரவில்லை. சிலருக்குக் கல் குறுக்கிட்டது, சிலருக்குக் கோடை வந்தால் அடி தெரிந்தது. வாய்க்காலுக்குக் கிட்ட வெட்டிய கிணறுகள்தான் கைகொடுத்தன, வாய்க்காலில் தண்ணீர் ஓடும்வரை அவை ஊறிக்கொண்டே இருக்கும்.

1970க்குப் பிறகு அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கமெல்லாம் செத்தல் மிளகாயால் நிமிர்ந்த காலம் அது. எங்கள் பொதுக் கிணற்றை அப்போதுதான் வெட்டினார்கள், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், மிளகாய் நாற்றுமேடைக்காக. எல்லாரும் ஒரே இடத்தில் நாற்றுப் போட்டு, பிறகு அவரவர் காணிக்குக் கொண்டுபோய் நட்டார்கள். 1977இல் இறக்குமதியைத் திறந்துவிட்டதும் மிளகாய் விலை விழுந்தது. நாற்றுமேடையில் புல் முளைத்தது.

அதே ஆண்டு இனக்கலவரத்துக்குத் தப்பி மலையகத்திலிருந்து குடும்பங்கள் வன்னிக்கு வந்தன. எங்கள் ஊருக்கு வந்தவர்களுக்குக் காணியும் இல்லை, காணிப் பத்திரமும் இல்லை, மற்றவர்களின் வயலில் கூலிக்குப் போனார்கள். கைவிட்ட அந்த நாற்றுமேடையைக் கொத்தி முதலில் கத்தரியும் வெண்டியும் போட்டவர்கள் அவர்கள்தான். இதை எங்கள் ஊரில் சத்தமாகச் சொல்பவர்கள் குறைவு. தோட்டத்தின் வரலாறு என்று கேட்டால் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். காணி எல்லாருக்கும் இருந்தது என்று சொல்கிறவர்கள் இவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

தொண்ணூறுகளில் போரும், அரசாங்கம் வன்னிக்குப் போட்ட பொருளாதாரத் தடையும். யூரியா வராது, மண்ணெண்ணெய் கிடைத்தாலும் வாங்க முடியாத விலை. தண்ணீர்ப் பம்பை மூடி வைத்துவிட்டுப் பழையபடி கையால் இறைக்கத் துலாவைப் போட்டார்கள். மாட்டெரு, ஆட்டெரு, பூவரசங்குழையைப் பசளையாக மண்ணில் தாழ்ப்பது, வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளிப்பது என்று அம்மம்மாவின் ஆட்கள் விட்டுவிட்ட பழக்கமெல்லாம் திரும்பி வந்தது. 1995, 96இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த சனம் வந்தபோது கிணற்றைச் சுற்றிக் கொட்டில்கள் எழும்பின. ஒவ்வொரு கொட்டில் கூரையிலும் பூசணியோ சுரையோ படர்ந்து கிடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

2009 தை மாதம், போரின் கடைசி மாதங்களில், ஊரை விட்டு வெளிக்கிட்டோம். அதற்குப் பிறகு நடந்ததை இந்தப் பதிலில் எழுதப் போவதில்லை. இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் குளித்த தண்ணீர் ஓடுகிற இடத்தில் அம்மா இரண்டு மிளகாய்க் கன்று நட்டிருந்தார் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

2010இல் திரும்பி வந்தபோது வீடு இல்லை, கூரை இல்லை. தோட்டக் காணியில் உயிரோடு நின்றவை ஒரு முருங்கை, ஒரு கருவேப்பிலை, அப்புறம் வேலிக்கு நட்ட கிளுவைக் கதிகால்கள். அவை வெட்டுவாரில்லாமல் மரமாகியிருந்தன. கண்ட இடத்தில் கால் வைக்க முடியாது, மிதிவெடிப் பலகைகள் நட்டிருந்தார்கள். வளவுக் கிணறுகளுக்குள் என்ன கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. வெடிபொருள் அகற்றுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் முதலில் பார்த்துச் சரி என்று சொன்னது இந்தப் பொதுக் கிணற்றைத்தான். இரண்டு நாள் இறைத்தார்கள். சேற்றோடு தகரமும் சைக்கிள் ரிம்மும் யாரோ ஒருவருடைய தோசைக்கல்லும் வந்தன. மூன்றாம் நாள் ஊற்று வெள்ளையாக வந்தது. குடிக்க, குளிக்க, துவைக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கிணறு. தண்ணீர் எடுக்க வந்த பெண்கள்தான் மிஞ்சிய தண்ணீர் வீணாக ஓடாமல் பாத்தி கட்டினார்கள். விதை யாழ்ப்பாணத்து உறவுக்காரரிடமிருந்து கடதாசிச் சுருளில் வந்தது.

அடுத்த ஆண்டு ஒரு நிறுவனம் வந்து முள்ளுக்கம்பியும் பம்பும் தந்தது. பெரிய உதவி, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அவர்கள் நட்ட பலகையில் தோட்டம் தொடங்கிய ஆண்டு 2011 என்று எழுதியிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது. இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அந்தப் பலகையும் ஒரு காரணம்.

தோட்டம் நடக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்கு நான்கு பாத்தி, கிழமையில் இரண்டு இறைப்பு முறை. முறை தவறினால் அடுத்தவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம், கேட்காமல் வாய்க்காலைத் திருப்பக் கூடாது. பெரிய சண்டைகள் எல்லாம் இதில்தான் வந்திருக்கின்றன. முருங்கை, அகத்தி, பொன்னாங்காணி, வல்லாரை பொது. யாரும் ஒரு கறிக்கு அளவாகப் பிடுங்கலாம். வாழைக்குலை வெட்டினால் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சீப்பு போகும். விதைக்கு விட்ட காயில் பழைய சீலைத் துண்டைக் கட்டிவிடுவோம், அதை ஒருவரும் தொட மாட்டார்கள். பாகல், பயிற்றை, வெண்டி, கத்தரி விதைகளைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்துப் போத்தலில் எடுத்து வைப்போம். சோளக் கதிர் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும். நான் பொறுப்பெடுத்த பிறகு அந்தப் போத்தல்களை ஒரே வீட்டில் வைப்பதில்லை, மூன்று வீட்டில் வைக்கிறோம்.

அதன் அருமை 2018 மார்கழியில் தெரிந்தது. இரணைமடு நிரம்பிக் கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றன. எங்கள் தோட்டம் நான்கு நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. மேட்டு வீட்டுப் போத்தல்களில் இருந்த விதையை வைத்துத்தான் மாசியில் மீண்டும் போட்டோம்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் அந்தத் தடையை எடுத்தார்கள். அதற்கிடையில் வயல் செய்தவர்கள் பட்ட பாட்டை நாங்கள் பார்த்தோம். தோட்டத்துக்குப் பெரிய அடி விழவில்லை, தொண்ணூறுகளில் குழை தாழ்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருந்தார்கள். 2022இல் சாமான் விலை ஏறியபோது ஒரு காலத்தில் பாத்தியைக் கைவிட்டுப் போனவர்களும் திரும்பி வந்தார்கள். வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை விட்ட நாட்கள் அவை. முதல் தடவையாக ஆசிரியர்களும் மண்வெட்டியோடு முறைக்கு நின்றார்கள்.

77இல் வந்த குடும்பங்களில் ஒரு ஆச்சி இன்னும் நான்கு பாத்தி செய்கிறார். மலையகத்து ஹற்றனில் இருக்கும் உறவுக்காரர் வரும்போதெல்லாம் முளைவிட்ட மேரக்காய் (சௌசௌ) ஒன்று கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆச்சி கார்த்திகை மழைக்கு அதை நடுவார். மாரி முழுக்கக் கொடி ஓடும், பங்குனி வெயிலுக்குக் கருகிவிடும். "பிள்ளை, இது குளிர் ஊர்க் காய், இங்க வராதுன்னு எனக்குத் தெரியும்" என்பார். அடுத்த கார்த்திகைக்கும் நடுவார். இந்த முறை கிணற்றுக்கட்டுக்கு வடக்கே, வாழை நிழலில் இடம் ஒதுக்கிக் கொடுத்தோம். கொடி இப்போது பந்தல் ஏறியிருக்கிறது. பங்குனி பிறக்க இன்னும் மூன்று கிழமை.