ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

அன்புள்ள ஐயா,

நான் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியை. பெருநகர வாழ்க்கை பற்றிய விவாதப் போட்டி ஒன்றுக்கு மாணவர்களைத் தயார்செய்துகொண்டிருக்கிறேன். தரவு திரட்டப் போய்க் குழம்பி நிற்கிறேன். உலகின் மிகப் பெரிய நகரம் 37 மில்லியன் மக்களைக் கொண்ட தோக்கியோ என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொடுத்தோம். ஐநாவின் 2025 அறிக்கையில் ஜக்கார்த்தா ஏறக்குறைய 42 மில்லியனுடன் முதலிடத்தில் இருக்கிறது. தோக்கியோ 33 மில்லியனுடன் மூன்றாமிடம். 2018 அறிக்கையில் ஜக்கார்த்தாவுக்குப் பத்து மில்லியன் சொச்சம்தானே இருந்தது? இடையில் முப்பது மில்லியன் பேர் எங்கிருந்து வந்தார்கள்? மலேசியாவில் 75 விழுக்காட்டினர் நகரவாசிகள், இலங்கையில் 18 விழுக்காட்டினர்தான் என்பதையும் நம்ப முடியவில்லை. எல்லா நாடுகளும் ஒரே வரையறையை வைத்துக்கொண்டால் என்ன? நல்ல வேளை, நம் சிங்கப்பூரில் இந்தத் தொல்லையே இல்லை. தீவு முழுக்க நகரம். தமிழர்கள் 2.5 விழுக்காடு என்பதுவரை துல்லியமாகத் தெரியும்.

அன்புடன்,
உட்லண்ட்ஸ் வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளுக்காகத்தான் பதில் எழுதுகிறேன். சில வாரங்களாகவே அந்த 2.5 என்ற எண் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது; நீங்கள் அதைத் துல்லியம் என்ற அடைமொழியோடு அனுப்பி வைத்துவிட்டீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் மாணவர்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

ஜக்கார்த்தாவில் யாரும் புதிதாக வந்து இறங்கவில்லை. கோடுதான் நகர்ந்தது. அந்தப் பழைய பத்து மில்லியன் சொச்சம் ஜக்கார்த்தா மாநில எல்லைக்குள் இருப்பவர்களின் கணக்கு. எல்லையைத் தாண்டினால் பொகோர், டெப்போக், தாங்கராங், பெக்காசி என்று வீடுகள் இடைவெளியே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். புதிய அறிக்கை நிலப்பரப்பை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டிக்கொள்கிறது. கட்டத்துக்கு 1,500 பேராவது இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கட்டங்கள் ஒட்டிக் கிடந்து மொத்தம் 50,000 பேராவது தேறினால் அது நகரம். மாநகராட்சி எல்லை எங்கே முடிகிறது என்று அது பார்ப்பதில்லை. இந்த முறையை ஐநா புள்ளியியல் ஆணையம் 2020இல் ஏற்றுக்கொண்டது. ஆக, நீங்கள் கேட்கும் ஒரே வரையறை ஏற்கெனவே வந்துவிட்டது. ஆனால் அதற்காக எந்த நாடும் தன் சொந்த வரையறையைக் கைவிடப் போவதில்லை. மானியம், வரி, உள்ளாட்சிப் பதவி எல்லாம் அதில்தானே தொங்குகின்றன!

அக்கம்பக்கத்து நாடுகளின் வரையறைகளைப் படித்தால் உங்கள் மாணவர்கள் சிரிப்பார்கள். மலேசியாவில் அரசிதழில் அறிவிக்கப்பட்ட பகுதியும் அதை ஒட்டிய கட்டடப் பகுதியும் சேர்ந்து 10,000 பேர் இருந்தால் நகரம். 1991இல் இதற்கு மேலும் நிபந்தனைகள் வந்தன: 60 விழுக்காட்டினர் விவசாயமல்லாத வேலையில் இருக்க வேண்டும், 30 விழுக்காட்டு வீடுகளில் நவீனக் கழிப்பறை இருக்க வேண்டும். இந்தோனீசியா ஒவ்வொரு கிராமத்துக்கும் மதிப்பெண் போடுகிறது. மக்கள் அடர்த்திக்கு இத்தனை, விவசாயக் குடும்பங்களின் விகிதத்துக்கு இத்தனை, பள்ளி, சந்தை, மருத்துவமனைக்கு இத்தனை. 2010 விதிப்படி பத்து எடுத்தால் தேர்ச்சி. பரீட்சை எழுதாமலேயே நகரமாகிவிடலாம்.

இந்தியாவின் 2011 கணக்கெடுப்பில் நகராட்சி, பேரூராட்சி என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டவை போக, 5,000 பேரும் சதுர கிலோமீட்டருக்கு 400 பேரும் இருந்து, ஆண் உழைப்பாளர்களில் 75 விழுக்காட்டினர் விவசாயத்தில் இல்லாவிட்டால் அந்த ஊரும் நகரம். கவனியுங்கள், ஆண் உழைப்பாளர்கள். பெண்களெல்லாம் தீப்பெட்டி ஒட்டினாலும் நூற்பாலைக்குப் போனாலும், ஆண்கள் வயலில் இருக்கும்வரை அது கிராமம்தான்.

இலங்கையின் கதை வேறு. அங்கே மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பவர்கள் மட்டுமே நகரவாசிகள். முன்பு பட்டின சபைகளும் கணக்கில் இருந்தன. 1987இல் அவற்றைக் கலைத்துப் பிரதேச சபைகளோடு சேர்த்தார்கள். கடைத்தெருவும் பஸ் நிலையமும் திரையரங்கும் அப்படியே இருக்க, அங்கிருந்தவர்கள் எல்லாம் கிராமவாசிகள் ஆனார்கள். 1981இல் 21.5 விழுக்காடாக இருந்தது 2012இல் 18.2க்கு இறங்கியது இப்படித்தான். நகரம், கிராமம் என்ற இரண்டோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவும் இல்லை. மூன்றாவதாகத் தோட்டம் என்று ஒன்று உண்டு. இருபது ஏக்கருக்குக் குறையாத நிலம், அங்கேயே தங்கி வேலை செய்பவர்கள் பத்துப் பேராவது. மலையகத் தமிழர்களில், தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்து லயத்தில் முடிந்த எத்தனையோ பேர் நகரத்திலும் சேராமல் கிராமத்திலும் சேராமல் அந்தப் பத்தியில்தான் கிடந்தார்கள். நாட்டின் மொத்தத்தில் அவர்கள் எல்லா வேளையும் எண்ணப்பட்டார்கள், ஆனால் தனிப் பெட்டியில்.

இந்தத் தனிப் பெட்டியைப் படித்தபோதுதான் எனக்கு நம் ஊர் நினைவுக்கு வந்தது.

நம் நாட்டில் தொல்லையே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டீச்சர், தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர் அடிக்குறிப்பைப் படிக்காமல் எண்ணை மட்டும் பிய்த்துக்கொண்டு வரலாமா? 2020 கணக்கெடுப்பில் வரும் 2.5 விழுக்காடு தமிழர்களின் எண்ணிக்கையே அல்ல. ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்களின் பங்கு அது. வீட்டில் ஆங்கிலம் பேசும் தமிழ்க் குடும்பங்கள் அதில் இல்லை. அது போகட்டும், அவர்கள் தாங்களாகவே வெளியே போனவர்கள். தமிழ் மட்டுமே பேசுகிற ஒரு பெருங்கூட்டமும் அதில் இல்லையே, அதை யோசித்தீர்களா?

2024 ஜூன் நிலவரப்படி இந்தத் தீவின் மக்கள்தொகை 6.04 மில்லியன். அதில் குடிமக்கள் 3.64 மில்லியன், நிரந்தரவாசிகள் ஏறத்தாழ 0.54 மில்லியன். மீதி 1.86 மில்லியன் பேர் வேலைக்கும் படிப்புக்கும் வந்தவர்கள், அவர்களைச் சார்ந்து வந்தவர்கள். நெரிசலைப் பற்றிப் பேசும்போது ஆறு மில்லியன் என்கிறோம். இனம், மொழி, சமயம் என்று பேச்சு வந்ததும் சத்தமில்லாமல் நாலு மில்லியன் சொச்சத்தால் வகுக்கிறோம். இந்தியர் 9 விழுக்காடு என்பதும் அந்தச் சிறிய எண்ணால் வகுத்து வந்ததுதான். துவாசிலும் கிராஞ்சியிலும் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் இருக்கிற அரியலூர்க்காரரும் புதுக்கோட்டைக்காரரும் நெரிசலில் உண்டு, தமிழில் இல்லை.

புள்ளிவிவரத் துறையை நான் குறை சொல்லவில்லை. பள்ளிக்கூடம், வீவக என்கிற வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடு, மருத்துவமனை ஆகியவற்றைத் திட்டமிட நிரந்தரமாக இருப்பவர்களின் கணக்கு தேவை. எதை எண்ணினோம் என்று அவர்கள் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். அதைப் படிக்காமல் மேடைதோறும் 2.5 என்று புலம்பி, தமிழ் தேய்கிறது என்று கைக்குட்டையை எடுக்கிறவர்கள் நாம்தான். தேய்வது உண்மையாகவே இருக்கலாம், 2010இல் 3.3 ஆக இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை, விடுமுறைக்கு இந்த ஊழியர்கள் வந்து கூடும் லிட்டில் இந்தியாவில், அதாவது தேக்காவில், நின்றுகொண்டு இந்தத் தீவில் தமிழ் பேசுபவர்கள் நூற்றுக்கு இரண்டரை பேர் என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா?

என் அத்தைக்கு வந்திருக்காது. தேக்கா பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தார். சரக்கு எடுப்பதற்கு ஒரு நீள நோட்டு உண்டு. இடப்பக்கம் வார நாள் கணக்கு: பாசுமதி பெரிய மூட்டை, ஆவின் நெய், பூசைக்கு வெற்றிலை பாக்கு. வலப்பக்கம் ஞாயிறு: கால் கிலோ பருப்புப் பொட்டலம், ஊறுகாய்ப் புட்டி, சிறிய தேங்காய் எண்ணெய், சவரக் கத்தி, ஊருக்குப் பேச டெலிபோன் கார்டு. சம்பளம் வந்த பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்குச் சிவப்பு மையால் ஒரு சுழி. அந்த நாளுக்கு மட்டும் வெங்காயம் இரண்டு மடங்கு சொல்லுவார். சனிக்கிழமை இரவு குடும்பமே உட்கார்ந்து பருப்பை நிறுத்துப் பொட்டலம் கட்டுவோம். சுழிக்கு முந்தைய சனி என்றால் நள்ளிரவு தாண்டும். ஒருமுறை எங்கள் உறவினர் ஒருவர், மாடி வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள், இனி இங்கே தமிழ்க் கடைக்கு யார் வருவார்கள் என்று கவலைப்பட்டார். அத்தை நோட்டை அவர் பக்கம் திருப்பி வலப்பக்கத்தைத் தட்டினார். பதில் பேசவில்லை. கல்லாவில் கூட்டம் நின்றது.

2020ஐ மறந்திருக்க மாட்டீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் தினமும் தொற்றுக் கணக்கு இரண்டாக வரும். சமூகத்தில் இத்தனை பேர், தங்கும் விடுதிகளில் இத்தனை பேர். நோய் தடுக்கும் வேலைக்கு அந்தப் பிரிவினை தேவைப்பட்டிருக்கும். ஆனால் சமூகத்தில் ஒற்றை இலக்கம் என்று கேட்டு, விடுதிகளில் நூற்றுக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்த நாளில் நாம் பெருமூச்சு விட்டோமே, அது புள்ளிவிவரத் துறை செய்த வேலையா? பழகிப்போன வகுத்தல் அது. கைதட்டிவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்தோம்.

தீவு முழுக்க நகரம் என்கிறீர்களே, பக்கத்துச் சிறு தீவான புலாவ் உபினில் கிணற்று நீரும் ஜெனரேட்டருமாக இருக்கிற சில குடும்பங்களும் அந்த நூறு விழுக்காட்டுக்குள்தான் இருக்கின்றன. அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூரில் உறங்கி இங்கே உழைப்பவர்களைப் பற்றியும் எழுத நினைத்தேன். உட்லண்ட்சில் இருப்பவருக்குக் கடற்பாலத்தின் காலை நேரத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

கோபமாக எழுதிவிட்டேன் என்று வருந்தாதீர்கள். பள்ளி நேரத்துக்குப் பிறகும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஐநா அறிக்கையைப் புரட்டும் தமிழாசிரியை கிடைப்பது அரிது. உங்கள் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுங்கள். எந்த விழுக்காட்டைச் சொன்னாலும் எதனால் வகுத்தது என்று அதே மூச்சில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எதிரணிக்கு ஒரு புள்ளி. இலங்கைத் தோட்டக் கணக்கைக் கட்டாயம் மேற்கோள் காட்டச் சொல்லுங்கள், நடுவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஒத்திகைக்கு எதிரணியில் பேச ஆள் வேண்டுமென்றால் எழுதுங்கள், வருகிறேன். சனிக்கிழமை என்றால் நல்லது. ஞாயிறு தேக்கா பக்கம் பஸ் நகராது.

அன்புடன்.