மூன்றரை மணியும் பேன்ட்ரி மேசையும்

உணவும் உடலும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 43. சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் பிளேஸ் வட்டாரத்தில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். உயரம் 158 சென்டிமீட்டர், எடை 72 கிலோ. ஐந்து மாதங்களாக எடையைக் குறைக்க முயல்கிறேன். காலையில் இரண்டு ரொட்டித் துண்டுகள், மதியம் ஓர் ஆப்பிள் அல்லது ஒரு கிண்ணம் சூப், இவற்றோடு நாளுக்கு மூன்று தே (தேநீர்) மட்டும்தான். ஆனால் பிற்பகல் மூன்றரை மணி ஆனதும் என் கால்கள் தாமாகவே அலுவலகச் சிற்றுண்டி அறையான பேன்ட்ரியை நோக்கிப் போய்விடுகின்றன. அங்கே பிறந்தநாள் கேக், குவே எனும் மலாய்ப் பலகாரம், அன்னாசி டார்ட், யாராவது பேங்காக் போய்வந்து வாங்கிய மிட்டாய் என ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும். ஒன்றே ஒன்று என்று தொடங்கி நான்காவதில்தான் நிறுத்துகிறேன். எனக்கு மன உறுதி போதாது என்கிறார் என் கணவர். கொடுப்பதை மறுத்தால் சக ஊழியர்கள் தவறாக எண்ணுவார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: முதலில், உங்கள் கணவர் சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மதியம் ஓர் ஆப்பிளோடு நிறுத்திக்கொண்டு, மாலை வரை எண்களோடு மல்லுக்கட்டும் ஒருவர் மூன்றரை மணிக்குக் கேக்கைக் கண்டு தடுமாறினால் அதற்குப் பெயர் மன உறுதியின்மை அன்று, பசி. ஐந்து மாதங்களாக நாள்தோறும் இந்தப் பசியோடு வேலைக்குப் போய்வருகிறீர்கள் என்றால், மன உறுதி உங்களிடம் தேவைக்கு மேலாகவே இருக்கிறது. அது செலவாகும் இடம்தான் தவறு.

ஆகவே மூன்றரை மணிச் சிக்கலைப் பன்னிரண்டரை மணியிலிருந்து சரிசெய்யத் தொடங்குங்கள். தட்டின் பாதியில் காய்கறியும் பழமும், கால் பங்கில் முழுதானியமும், மீதிக் கால் பங்கில் புரதமும் இருக்க வேண்டும் என்பது சுகாதார மேம்பாட்டு வாரியம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் அளவு. உணவங்காடி நிலையத்தில் பல வகைக் காய்கறிகளை வரிசையாக வைத்து விற்கும் சோற்றுக் கடைக்குப் போனால் இந்த அளவுக்கு ஏறக்குறைய அமைந்துவிடும்: சோற்றைப் பாதியாகக் கேட்டு, இரண்டு காய்கறிகளோடு ஒரு மீன் துண்டையோ முட்டையையோ தோஃபுவையோ எடுத்துக்கொண்டு, சோற்றின்மேல் குழம்பை ஊற்ற வேண்டாம் என்று சொன்னால் போதும். வீட்டிலிருந்து எடுத்துவருபவராயின், முதல் நாள் இரவு வைத்த சாம்பாரும் பொரியலும் ஓர் அவித்த முட்டையும் சிறிது சோறும் சூப்பைவிடப் பன்மடங்கு மேலானவை. சாம்பாரும் சோறும் சாப்பிட்டு எடை குறையுமா என்று நீங்கள் ஐயுறலாம். புரதமும் நார்ச்சத்தும் உள்ள உணவு வயிற்றில் நெடுநேரம் தங்கிப் பசியைத் தள்ளிப்போடும். ஆப்பிள் நல்ல பழந்தான், ஆனால் தனியாளாக நான்கு மணி நேரம் காவல் காக்க அதனால் இயலாது.

நன்றாகச் சாப்பிட்ட பிறகும் பிற்பகலில் ஒரு சோர்வு வரும். அது உடலின் நாளாந்தச் சுழற்சியில் இயல்பாகவே உள்ள தளர்ச்சி. முதல் நாள் இரவு தூக்கம் குறைந்திருந்தால் அது இன்னும் ஆழமாகும். தூக்கம் குறையும்போது பசியைத் தூண்டும் சுரப்பு கூடி நிறைவை உணர்த்தும் சுரப்பு குறைவதால், இனிப்பின்மேல் நாட்டம் மிகும். பசியையும் சோர்வையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. பேன்ட்ரிக்குப் போகும் முன், இப்போது ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்தால் சாப்பிடுவேனா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடுவேன் என்றால் அது பசி. மேசை இழுப்பறையில் ஒரு சிறு டப்பா சுண்டலோ உப்பில்லாத வறுத்த கடலையோ வைத்திருந்து அதையே சாப்பிடலாம். சுண்டல் வேண்டாம், கேக்தான் வேண்டும் என்றால் அது சோர்வு; அதற்கு மருந்து, கீழ்த்தளம் வரை இறங்கி வெயிலில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வருவது. குளிரூட்டியின் கீழ் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பவருக்கு நம் ஊர் வெயிலும் சிறிது நேரம் இதமாகத்தான் இருக்கும்.

அடுத்து, உங்கள் கடிதத்தில் "மட்டும்தான்" என்ற ஒரு சொல்லுக்குள் நீங்கள் அடக்கிவிட்ட அந்த மூன்று தேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோப்பிக் கடையில் வெறுமனே "தே" என்று கேட்டால் டின் பால் (சர்க்கரை சேர்த்துச் சுண்டிய பால்) ஊற்றிய தேநீர்தான் வரும். ஒரு மேசைக்கரண்டி டின் பால் ஏறத்தாழ 20 கிராம். அதில் சேர்க்கப்பட்ட சர்க்கரை மட்டும் சுமார் 9 கிராம். கடைக்குக் கடை அளவு மாறும் என்றாலும், கோப்பைக்கு இரண்டு கரண்டி என்று வைத்தால் மூன்று கோப்பையில் 54 கிராம் ஆகிறது. நாளுக்கு 2000 கிலோகலோரி உண்பவர் சேர்க்கப்பட்ட சர்க்கரை போன்றவற்றை 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும், 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்த வழிகாட்டி சொல்கிறது. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை: அன்னாசி டார்ட் டப்பாவைத் திறக்கும் முன்பே வரவுசெலவு வரம்பு மீறிவிட்டது.

இதற்கு விடை கோப்பிக் கடை மொழியிலேயே இருக்கிறது. "தே சி" என்றால் டின் பாலுக்குப் பதிலாக இனிப்பில்லாத ஆவியாக்கிய பாலும் தனியாகச் சர்க்கரையும் சேர்ப்பார்கள். "தே சி கோசோங்" என்றால் அந்தச் சர்க்கரையும் கிடையாது. "தே ஓ கோசோங்" என்றால் பாலும் இல்லை. ஒரே நாளில் கோசோங்குக்குத் தாவினால் மூன்றாம் நாளே பழைய தேக்குத் திரும்பிவிடுவோம் என்பது என் சொந்த அனுபவம். ஆதலால் முதல் இரண்டு வாரம் "தே சி சியு தாய்" என்று இனிப்பைக் குறைத்துக் கேளுங்கள். நாக்கு பழகிய பின் கோசோங்குக்கு மாறுங்கள். சில வாரங்கள் கழித்துப் பழைய தேயை ஒரு வாய் குடித்தால், இதையா இவ்வளவு நாள் குடித்தோம் என்று தோன்றும்.

இனி, உங்கள் கடிதத்தில் நான் மிகவும் யோசித்த பகுதிக்கு வருகிறேன். கொடுப்பதை மறுத்தால் தவறாக எண்ணுவார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, கிறிஸ்துமஸ், இடையில் மூன்கேக் விழா, இவை போதாவென்று பிறந்தநாள்களும் பிரிவுபசாரங்களும் என்று ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு டப்பா திறந்தே இருக்கும் ஊர் இது. பகிர்ந்து உண்பது இங்கே வெறும் தீனி அன்று, பழகும் முறை. அதனால், எல்லாவற்றையும் மறுத்துவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் பேன்ட்ரி மேசையில் இருக்கும் இனிப்பில் இரண்டு வகை உண்டு என்பதைக் கவனியுங்கள். ஒன்று, கொடுப்பவர் எதிரே நிற்கும் இனிப்பு. மற்றொன்று, கொடுப்பவர் யாரென்றே தெரியாத இனிப்பு.

உங்கள் மலாய்த் தோழி தன் தாயார் செய்த ஒண்டே ஒண்டே எனும் இனிப்பு உருண்டையை நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் உங்களிடம் நீட்டினால் ஒன்றை எடுத்து, அவர் முன்னிலையிலேயே ரசித்துச் சாப்பிட்டு, எப்படிச் செய்தார்கள் என்று நான்கு வார்த்தை கேளுங்கள். அந்த ஓர் உருண்டையால் உங்கள் எடை கூடாது. இரண்டாவது உருண்டையை அவர் வற்புறுத்தும்போதுதான் சொல் தேவைப்படும். அப்போது "நான் டயட்டில் இருக்கிறேன்" என்று சொல்லாதீர்கள், அதைக் கேட்ட மறுகணமே "நீங்களா, உங்களுக்கு எதற்கு?" என்று ஒரு பட்டிமன்றம் தொடங்கிவிடும். "பிறகு எடுத்துக்கொள்கிறேன்" என்றும் சொல்லாதீர்கள். ஒரு காகிதத் தட்டில் மூன்று உருண்டைகள் உங்கள் மேசைக்கே வந்து சேரும். "ஒன்று சாப்பிட்டேன், மிகவும் நன்றாக இருந்தது, எனக்கு இது போதும்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். பாராட்டோடு வரும் மறுப்பை யாரும் மறுப்பாகவே கருதுவதில்லை.

மூன்றரை மணிக்கு நீங்கள் தனியாகப் போய்த் திறக்கும் டப்பாவோ இரண்டாம் வகை. அதை நீங்கள் மறுத்தால் வருந்த அங்கே ஒருவரும் இல்லை. உங்கள் நான்கு டார்ட்டுகளும் பெரும்பாலும் இந்த வகையில்தான் சேர்ந்திருக்கும் என்பது என் ஊகம். இரண்டு வாரம் ஒரு சிறு குறிப்பேட்டில், தின்ற இனிப்பு ஒவ்வொன்றுக்கும் எதிரே கொடுத்தவர் பெயரை எழுதிவாருங்கள். பெயர் எழுத முடியாத வரிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். குறைக்க வேண்டியவை அவை மட்டுமே. மூடிய அலமாரியில் டப்பாக்களை வைக்கலாமா என்று உங்கள் அலுவலக நிர்வாகியிடம் கேட்டுப் பார்ப்பதிலும் தவறில்லை. கண்ணில் படுவதும் கைக்கு எட்டுவதும் வாய்க்குள் போய்விடும். நானும் ஒரு காலத்தில் வருவோருக்கென்று மேசைமேல் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தேன். மாதத்துக்கு இரண்டு பேர்கூட வருவதில்லை. டின் மட்டும் வாரந்தோறும் காலியாகிவந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளி முடிந்த வாரம் வீட்டில் மிஞ்சிய அதிரசத்தையும் லட்டையும், நாம் தின்றுவிடுவோமே என்று அஞ்சி அலுவலகத்துக்குக் கொண்டுவந்து வைப்பவர்கள் நம்மவர்களே. நம் சோதனையை அடுத்தவர் மேசைக்கு மாற்றுவதை உபசரிப்பு என்று அழைப்பது சற்றுக் கூடுதல்தான்.

இலக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் உடல் எடைக் குறியீடு இப்போது 28.8. சிங்கப்பூரில் 23 முதல் நீரிழிவு, இதய நோய் போன்றவற்றுக்கு மிதமான இடர் என்றும், 27.5 முதல் அதிக இடர் என்றும் கொள்கிறார்கள். ஒரே குறியீட்டில் ஆசியர்களுக்குக் கொழுப்பின் விகிதம் கூடுதலாக இருப்பதால் இங்கே வரம்பு குறைவு. உடனே 57 கிலோவை எண்ணி மலைக்க வேண்டாம். 68 கிலோவுக்கு வந்தாலே அதிக இடர்ப் பிரிவிலிருந்து வெளியேறிவிடுவீர்கள். எடையில் ஐந்து விழுக்காடு குறைந்தாலே இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் நல்ல பக்கம் நகரத் தொடங்கும். இங்குள்ள இந்தியர்களிடையே நீரிழிவு அதிகமாகக் காணப்படுவதால், 40 வயதைக் கடந்த நீங்கள் சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி எனும் அரசாங்க நோய்த்தடுப்புத் திட்டத்தில் இன்னும் பதிந்திராவிட்டால் பதிந்துகொண்டு, உங்கள் குடும்ப மருத்துவரிடம் இந்த எண்களைக் காட்டுங்கள்.

கேள்வி: நான் ஜூரோங்கில் இரவு நேரப் பாதுகாவல் அதிகாரி. விடியற்காலை மூன்று மணிக்குப் பசிக்கும்போது கையில் இருப்பது த்ரீ இன் ஒன் காப்பியும் கிரீம் பிஸ்கட்டும்தான். இரண்டு ஆண்டுகளில் எட்டுக் கிலோ ஏறிவிட்டேன்.
பூன் லே வாசகர்

பதில்: வேலைக்குப் புறப்படும் முன் முழு உணவை முடித்துவிட்டு, இரவுக்கென இரண்டு அவித்த முட்டைகளையோ ஒரு டப்பா சுண்டலையோ வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். காவல் அறையில் அந்த நேரத்தில் வேறெதுவும் கிடைக்காது என்பதே உங்கள் சிக்கல். ஆகவே தீர்வும் பைக்குள்ளேயே இருக்க வேண்டும். அடுத்து, காப்பிப் பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். எது எடையில் மிகுதியோ அதையே பட்டியலில் முதலில் எழுத வேண்டும் என்பது இங்குள்ள விதி. சர்க்கரை முதலிடத்திலோ இரண்டாமிடத்திலோ இருந்தால், நீங்கள் குடிப்பது காப்பி வாசம் ஏற்றிய சர்க்கரைத் தண்ணீர் என்றே கொள்ளுங்கள். வெறும் காப்பித் தூளையும் சிறிது பாலையும் தனித்தனியாக வைத்துக் கலக்க அரை நிமிடந்தான் ஆகும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், உணவு நேரத்தை மாற்றும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தின் நேரத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கலாம்.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் குலா மலாக்கா எனும் வெல்லம் சேர்த்த குவே சாப்பிட்டால் எடை ஏறாது என்கிறாள் என் தோழி. சர்க்கரையே இல்லாத குளிர்பானங்களாவது குடிக்கலாமா?
செங்காங் வாசகி

பதில்: குலா மலாக்காவின் மணத்துக்கு நானும் அடிமைதான். ஆனால் பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ வந்தாலும், கரும்பிலிருந்து வந்தாலும், உடல் அதைச் சர்க்கரை என்றே எண்ணும். குவேயில் தேங்காய்ப்பாலின் கொழுப்பும் சேர்ந்துவிடுகிறது.

சர்க்கரையில்லாப் பானங்களைப் பொறுத்தவரை, 2022 டிசம்பர் 30 முதல் அடைத்து விற்கும் பானங்களுக்கும், சரியாக ஓராண்டு கழித்துக் கடைகளில் அப்போதே தயாரிக்கும் பானங்களுக்கும் நடைமுறைக்கு வந்த, ஏ (சிறந்தது) முதல் டி வரை தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேட் தரவரிசையையே பாருங்கள். நூறு மில்லிலிட்டருக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி தரம். ஏ தரம் பெறச் சர்க்கரை ஒரு கிராமைத் தாண்டக் கூடாது, சர்க்கரைக்கு மாற்றான இனிப்பூட்டியும் இருக்கக் கூடாது. சர்க்கரையே இல்லாத கோலாவின்மேல் ஏ இல்லாமல் பி இருப்பதன் காரணம் இதுதான். எடையைக் குறைப்பதற்காக இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை அந்த அறிவுரை உள்ளடக்கவில்லை. நாள்தோறும் டி தரப் பானம் குடித்துவந்தவர் கொஞ்ச காலம் இதைப் படிக்கட்டாகப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. நீங்கள் இப்போது வெறும் தண்ணீர் குடிப்பவராக இருந்தால் அந்தப் படிக்கட்டில் ஏற வேண்டிய தேவையே இல்லை.